திருப்தியான தெரு

என் அண்ணனிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சாப்பாடு எப்படி? பரவாயில்லை. முதுகுப் புண் எப்படி? பரவாயில்லை. உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிறு கட்டித் தொங்கி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன் அவன். ஒருநாள் கயிறு அறுந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துப்போய், ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். நான் அழுதுகொண்டே "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டேன். அப்போதும் அதையேதான் சொன்னான். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் கன்னம் பழுக்க நாலு விடுவேன்.

வீட்டில் நானும் அவனும்தான். எனக்குக் கல்யாணம் ஒத்துவரவில்லை, போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிற வேலை எனக்கு. அண்ணன் கட்டிலில் படுத்தபடியே ஒரு தண்ணீர்க் கேன் கம்பெனிக்கு போனில் ஆர்டர் எடுப்பான். கேன் வரவில்லை என்று காதைக் கிழிக்கிறவர்களிடம்கூட, "பரவாயில்ல சார், திட்டுங்க, கேன் வர்ற வரைக்கும் உங்களுக்கும் பொழுது போகணும்ல" என்பான். அவர்களும் சிரித்துவிடுவார்கள்.

லிப்ட் இல்லாத கட்டடத்தில் இப்படிப்பட்டவனைத் தரைத்தளத்தில்தான் வைத்துக்கொள்ள முடியும். தரைத்தளத்துக்கு ஒரே ஒரு எதிரி உண்டு, மழை. எங்கள் தெரு சுற்றுவட்டாரத்திலேயே பள்ளமான தெரு. நாலு பக்கத் தண்ணீரும் எங்களைத் தேடித்தான் வரும். வந்த தண்ணீர் தானாகப் போகாது. தெருக்கோடியில் இருக்கும் பெரிய வடிகாலுக்குள் இறைத்துத் தள்ளினால்தான் போகும். அதற்காக அங்கே மாநகராட்சி ஒரு பம்ப் ஹவுஸ் கட்டி, ஒரு ஆளையும் போட்டிருந்தது. மோட்டார்காரர் என்றுதான் அவருக்குப் பெயர்.

மோட்டார்காரரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பகலில் குறட்டை விடுவார். அரசாங்கக் கம்பிவேலியில் தன் பனியனைக் காயப்போடுவார். ஆனால் ஓர் இடி இடித்தால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். மழை வந்தால் எங்கள் பகுதியில் முதலில் கரண்ட்தான் போகும். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும். உடனே அவர் ஒரு பழைய டீசல் இன்ஜினைக் கையால் சுற்றி உசுப்பிவிடுவார். அது போடுகிற சத்தத்தில் அலமாரியில் எங்கள் தட்டுகள் எல்லாம் ஆடும். போன மழைக்காலத்தில் தண்ணீர் வாசற்படி வரைக்கும் ஏறி வந்தது. பழைய புடவைகளைச் சுருட்டிக் கதவிடுக்கில் திணித்துக்கொண்டே நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். என் இரண்டு பங்கு எடை அவன். நாலு பேர் பிடிக்காமல் அவனை நகர்த்த முடியாது. தண்ணீர் உள்ளே வந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அப்போது தட்டுகள் ஆட ஆரம்பித்தன. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அந்த மழைக்காலம் முடிந்த பிறகுதான் மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் கருத்துக் கணிப்புக்கு வந்தாள். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, வெயிலில் கருகிப்போன முகம். நகரத்தின் சேவைகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், அடுத்த பட்ஜெட்டில் எதற்குச் செலவழிக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்கிறாளாம். நம்மையும் ஒரு மனுஷி என்று மதித்து யாராவது கருத்துக் கேட்டால் சும்மா விட முடியுமா? பூங்கா எப்படி என்று கேட்டாள். பூங்காவா அது, குப்பைத்தொட்டிக்குக் கேட் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டேன். தெருநாய், குப்பை வண்டி, நடைபாதை என்று ஒன்றையும் விடவில்லை. வாய் வலிக்கிற வரைக்கும் சொன்னேன்.

"மழைத்தண்ணி வெளியேத்துற சேவை எப்படி இருக்குங்க?"

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடினேன். கட்டிலிலிருந்து அண்ணன்தான் பதில் சொன்னான். வேறென்ன சொல்லுவான்?

"பரவாயில்லம்மா."

அந்தப் பெண் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

தெருவே அப்படித்தான் சொல்லியிருந்தது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. மாடியில் இருக்கும் டெய்லர் அக்கா, டீசல் இன்ஜின் சத்தத்தில் தையல் கோணுகிறது என்று ஒரு பாட்டம் அழுதிருக்கிறாள். ஆனால் தண்ணீர் போகிறதா என்று கேட்டதற்குப் பரவாயில்லை. எதிர்வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், வாயைத் திறந்தால் 'சட்டப்படி' என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவருக்கு 'சட்டப்படி சார்' என்றே பெயராகிவிட்டது. அவர் பூங்காவின் உடைந்த பெஞ்சைப் பற்றி அந்தப் பெண்ணை நிற்கவைத்துப் பாடம் எடுத்திருக்கிறார். மழைத்தண்ணீருக்கு மட்டும் பரவாயில்லை. ஏன் என்று பிறகு டெய்லர் அக்காவைக் கேட்டேன்.

"நல்லா இல்லைன்னு சொன்னா அந்த மனுஷன் வேலை போயிரும். நல்லா இருக்குன்னு சொன்னா அவருக்குத் தலைக்கனம் ஏறிரும். வேற என்னடி சொல்றது?"

எங்கள் குறை ஒன்றுகூட வீண்போகவில்லை. மாநகராட்சி அத்தனையையும் காதுகொடுத்துக் கேட்டது. பூங்காவுக்குப் புது பெஞ்ச் வந்தது. நடைபாதை வந்தது. நடுவில் வண்ண விளக்கோடு ஒரு நீரூற்று வந்தது. சத்தம் போட்ட டீசல் இன்ஜினைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மழைநீர் வெளியேற்றத்தில் இந்தத் தெரு முழுத் திருப்தி, அதனால் இங்கே ஆள் தேவையில்லை என்று முடிவு செய்து, தானாக ஓடும் பம்பை வைத்துக் கதவைப் பூட்டினார்கள். மோட்டார்காரரை நீரூற்றுக்கு மாற்றினார்கள்.

அவர் சொல்லிக்கொண்டு போக வந்தார்.

"இங்க தண்ணிய வெளிய தள்ளிட்டு இருந்தேன், அங்க மேல தள்ளப் போறேன். அவ்ளோதான் வித்தியாசம்."

அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கரண்ட் போனா அந்தப் புது பம்ப் ஓடுமா?" என்று கேட்டேன்.

மோட்டார்காரர் தலையைச் சொறிந்தார். "கரண்ட் போகாதுன்னு சொல்றாங்கம்மா."

அன்றிலிருந்து எனக்கு வானம் பகையாகிவிட்டது. கடையில் லென்ஸைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். கண்ணாடியில் வெளிச்சம் கொஞ்சம் மங்கினாலும் எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பேன். முதலாளி, "என்னம்மா, யாராவது ஹெலிகாப்டர்ல வர்றாங்களா?" என்று கேலி செய்வார். ஒரு லென்ஸை ஓரம் தப்பாகத் தேய்த்து உடைத்தேன். வீட்டில் அண்ணனின் கட்டில் உயரத்தைக் கையால் சாண்போட்டு அளந்து பார்ப்பேன். சக்கர நாற்காலிக்கு மாறுவதற்காக அதன் கால்களை அறுத்துக் குட்டையாக்கியிருந்தோம். அன்றைக்கு வசதி என்று நினைத்துச் செய்தது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? சும்மா இரு பாப்பா" என்பான் அண்ணன். நாற்பதைத் தாண்டியும் அவனுக்கு நான் பாப்பாதான்.

"உனக்குப் பயமே இல்லையாண்ணா?"

"பரவாயில்ல."

மறுபடியும் மழைக்காலம் நெருங்கியது. பட்ஜெட்டைப் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று மாநகராட்சி மண்டபத்தில் நடக்கிறது என்று சட்டப்படி சார் செய்தி கொண்டுவந்தார். "சட்டப்படி நாம ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனா நாலு பேர் போனா நாய்கூட மதிக்காது. தெருவே வரணும்" என்றார். வேன் பேசினார். தெருவில் இருக்கும் மளிகைக் கடைக்காரர் கடையைப் பூட்டினார். மேல்மாடிப் புதுமணத் தம்பதிகூடக் கிளம்பினார்கள். தெரு அவ்வளவு ஒற்றுமையாக எதற்கும் கிளம்பி நான் பார்த்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

வழக்கமாக நான் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டி, சாவியை டெய்லர் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அண்ணனால் எழுந்து தாழ்ப்பாள் போட முடியாது. ஒருமுறை கதவு திறந்திருந்தபோது ஒருத்தன் உள்ளே வந்து, அவன் கண்ணெதிரிலேயே போனையும் மின்விசிறியையும் தூக்கிக்கொண்டு போனான். அதிலிருந்துதான் இந்தப் பூட்டு. அன்று டெய்லர் அக்காவும் கூட்டத்துக்கு வந்ததால் சாவி என் பையிலேயே இருந்தது. சாயங்கால வானம் பளிச்சென்று இருந்தது.

"பூட்டிட்டுப் போறேண்ணா. தனியா இருந்துப்பியா?"

"பரவாயில்ல. போய்ட்டு நல்லா நாலு கேள்வி கேட்டுட்டு வா."

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் பெரிய திரை. அதில் நகரத்தின் படம் தெரு தெருவாக வண்ணம் அடித்துக் காட்டப்பட்டிருந்தது. சிவப்பு என்றால் மக்கள் அதிருப்தி, பச்சை என்றால் திருப்தி. கூட்டத்தை நடத்திய அதிகாரி அம்மா மிகவும் தன்மையானவர். யாரையும் அதட்டவில்லை. எங்கள் முறை வந்ததும் ஒரு குச்சியால் எங்கள் தெருவைக் காட்டினார். மழைத்தண்ணீர் விஷயத்தில் எங்கள் தெரு வயல் மாதிரி பச்சைப் பசேல் என்று இருந்தது.

"நீங்க எல்லாம் திருப்தியாதானே இருக்கீங்க?" என்றார். "இதைவிட மோசமான தெருவெல்லாம் இருக்கும்மா. பணம் அங்கதான் போகணும், இல்லையா?"

நான் எழுந்தேன்.

"திருப்தின்னு யாருங்க சொன்னது?"

"நீங்கதாம்மா சொல்லியிருக்கீங்க. வீட்டுக்கு வீடு கேட்டிருக்கோம்."

"நாங்க பரவாயில்லைன்னுதாங்க சொன்னோம்."

"அதுதானேம்மா திருப்தி?"

மண்டபம் கலகலத்துவிட்டது. ஆளாளுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார்கள். டெய்லர் அக்கா கையை வீசினாள்.

"பஸ்ல என் கால ஒருத்தன் மிதிச்சுட்டு சாரிங்கிறான். நான் பரவாயில்லைங்கிறேன். அப்போ மிதிச்சது எனக்குத் திருப்தியா இருந்துச்சுன்னா அர்த்தம்?"

வேறு தெருக்காரர் ஒருவர் எழுந்தார். "என் வீட்டம்மா சமையலைக் கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் பரவாயில்லைன்னுதான் சொல்றேன். உண்மையைச் சொன்னா மறுவேளைக்கு யார் போடறது?"

சட்டப்படி சார் மட்டும் எங்களைக் கவிழ்த்தார். "சட்டப்படி பார்த்தா, அந்தச் சொல் ஆட்சேபம் ஆகாது" என்றார். டெய்லர் அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

அதிகாரி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓரத்தில் இருந்த கணிப்புப் பெண்ணைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். பாவம், முகம் வெளிறிப் போயிருந்தது.

"ரெண்டு பெட்டிதான் மேடம் குடுத்தீங்க. திருப்தி, திருப்தி இல்லை. பரவாயில்லைன்னு சொன்னா எதுல போடறதுன்னு நான் கேட்டேன். குறை சொல்லலைன்னா திருப்தியில போடுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் அதிகாரி அம்மா. "அடுத்த வருஷக் கணிப்புல தெளிவா சொல்லுங்க. கண்டிப்பா மாத்திடலாம்."

"அதுவரைக்கும் மழைய நிறுத்தி வைக்கச் சொல்லி அதுக்கும் ஒரு ஆர்டர் போட்டுருங்க" என்றேன்.

கைதட்டல் பட்டாசாக வெடித்தது. வாழ்நாளில் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. உட்கார்ந்தேன், முகமெல்லாம் சூடாக இருந்தது. எல்லாரும் கையை மடியில் வைத்துவிட்டார்கள். ஆனால் சத்தம் மட்டும் நிற்கவில்லை. எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு அண்ணாந்து பார்த்தேன். சத்தம் தகரக் கூரையிலிருந்து வந்தது.

எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாவி?" என்றாள் டெய்லர் அக்கா.

"என்கிட்ட."

"கட்டடத்துல யார் இருக்கா?"

யாருமே இல்லை. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பி, அவனைத் தூக்கக்கூடிய அத்தனை கைகளையும் நாங்களே வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"மழையா? இங்க எப்பவோ பிடிச்சிருச்சு பாப்பா. கரண்ட் போயிருச்சு" என்றான்.

"தண்ணி வருதா?"

"பாத்ரூம் பக்கம் ஏதோ குபுகுபுங்குது. பரவாயில்ல, நீ முடிச்சுட்டே வா."

வேன் டிரைவர் எங்கேயோ டீ குடிக்கப் போயிருந்தான். அவனைத் தேட ஆள் அனுப்பிவிட்டு, நானும் டெய்லர் அக்காவும் ரோட்டுக்கு ஓடினோம். மூன்று ஆட்டோக்கள் தெருப் பெயரைக் கேட்டதும் கையை ஆட்டிவிட்டுப் போயின. நாலாவது ஆட்டோக்காரர், "அது தெரு இல்லம்மா, குளம்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "ஏறுங்க" என்றார்.

டெய்லர் அக்கா தீயணைப்புக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவே பாதி வழி ஆகிவிட்டது. நடக்க முடியாத ஆள் உள்ளே மாட்டியிருக்கிறான் என்று கத்தினாள். எதிர்முனையில் கேட்ட கேள்வி எனக்கும் கேட்டது.

"தண்ணி எந்த அளவுக்கு இருக்கும்மா? நிறைய இடத்துலேருந்து கூப்பிடறாங்க. ரொம்ப ஆபத்தான இடத்துக்குத்தான் முதல்ல வர முடியும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அண்ணனை மறுபடி கூப்பிட்டேன்.

"அண்ணா, தண்ணி எவ்வளவு இருக்கு?"

"இருக்கு."

"எவ்வளவுண்ணா? கட்டிலுக்குக் கீழயா, மேலயா?"

"இருட்டா இருக்கு பாப்பா, ஒண்ணும் தெரியல. பரவாயில்ல."

"பரவாயில்லைன்னா என்னண்ணா அர்த்தம்?"

மண்டபத்தில் ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டே அர்த்தம் சொன்ன அதே வார்த்தை. கூடப் பிறந்தவள், தினமும் அவனைக் குளிப்பாட்டித் துடைத்துவிடுகிறவள், அவன் சொன்ன ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். கணுக்கால் தண்ணீருக்கும் அதைத்தான் சொல்லுவான். கழுத்துத் தண்ணீருக்கும் அதைத்தான் சொல்லுவான்.

"பரவாயில்லைன்னா பரவாயில்லைதான்" என்றான். குரலில் சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, பல் கிட்டிய மாதிரியும் இருந்தது. பிறகு ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம். லைன் செத்துவிட்டது.

அதன் பிறகு மணி அடிக்கவே இல்லை.

டெய்லர் அக்கா தீயணைப்புக்காரரிடம், "கழுத்து வரைக்கும் இருக்கு, வாங்க!" என்று அடித்துவிட்டாள். அது பொய்யா உண்மையா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

தெருமுனையில் ஆட்டோ நின்றுவிட்டது. இறங்கினால் தொடை வரைக்கும் தண்ணீர். பம்ப் ஹவுஸ் பக்கமிருந்து டங், டங் என்று சத்தம் கேட்டது. எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. இன்ஜின் இல்லை. மோட்டார்காரர் கல்லால் புதுப் பூட்டை அடித்துக்கொண்டிருந்தார். பூங்காவிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"சாவி ஆபீஸ்ல இருக்கும்மா" என்றார், ஏதோ அவர் செய்த தப்பு மாதிரி. "திறந்தாலும் உள்ள கரண்ட் பம்ப்தான் இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியல, அதான் அடிச்சிட்டு இருக்கேன்."

"அதை விடுங்க. அண்ணன் உள்ள இருக்கான்."

கல்லைப் போட்டுவிட்டு வந்தார். ஆட்டோக்காரரும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். வீட்டு வாசலில் இடுப்புக்கு மேல் ஏறிவிட்டது, பூட்டு தண்ணீருக்கு அடியில் இருந்தது. குனிந்து, தாடை நனைய, கையால் தடவித் தடவிச் சாவியைப் போட்டேன். சாவி துவாரத்தில் இறங்காமல் வழுக்கிக்கொண்டே போனது. "அண்ணா!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து பதில் இல்லை. மறுபடி கத்தினேன். டெய்லர் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். மோட்டார்காரர் என் கைமேல் கை வைத்து அழுத்த, பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ மிதந்து வந்து அடைத்துக்கொண்டிருந்தது. மூன்று பேர் தோளைக் கொடுத்துத் தள்ளியதும்தான் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தது.

ஆட்டோக்காரர் போனில் விளக்கைப் போட்டார். கட்டிலைக் காணோம். கட்டில் இருந்த இடத்தில் கறுப்புத் தண்ணீர்தான் இருந்தது. அதற்கு மேலே, ஜன்னல் கம்பியில், இரண்டு கைகள். பெயின்டர் கைகள். அவன் உடம்பில் விழாமல் மிச்சம் இருந்தவை அவைதான். கம்பியைப் பிடித்துத் தன்னை மேலே இழுத்து வைத்திருந்தான். மார்பு வரைக்கும் தண்ணீர். முகம் கம்பியில் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. பேச்சு வரவில்லை. இழுத்து வைத்திருப்பதற்கே மூச்சு முழுதும் செலவாகிக்கொண்டிருந்தது.

நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். காதில் மெதுவாகச் சொன்னான்.

"கால் எங்க இருக்குன்னு பாரு பாப்பா. மிதக்குதா, எதுலயாவது மாட்டியிருக்கா? எனக்குத் தெரியல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போனில் நான் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டபோது அவனுக்கு நிஜமாகவே தெரியாது. இருட்டில் படுத்துக்கிடந்தவனுக்குத் தண்ணீர் காலை நனைத்தது தெரியாது, தொடையை மூடியது தெரியாது. வயிற்றுக்கு மேலே குளிர்ந்தபோதுதான் அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நாலு பேர் நாலு பக்கம் பிடித்தோம். படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் நின்று, மூச்சு வாங்கி, டெய்லர் அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். துணி வெட்டுகிற பெரிய மேசைமேல், யாருக்கோ வெட்டிப்போட்டிருந்த ஜாக்கெட் துணிகள்மேல் அவனைக் கிடத்தினோம். மோட்டார்காரரும் ஆட்டோக்காரரும் வேறு யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்கக் கீழே இறங்கினார்கள். எனக்குப் பயம் போன இடத்தில் கோபம் வந்தது.

"பரவாயில்லைன்னு சொன்னியே. செத்துப் போயிருப்பியே! வாயைத் திறந்து சொல்லத் தெரியாதா உனக்கு?"

அவன் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. கூரையையே பார்த்தான்.

"இனிமே வெளிய பூட்டிட்டுப் போகாத."

"பூட்டலைன்னா திருடன் வருவாண்ணா."

"வரட்டும். யாரோ ஒரு ஆள் வந்த மாதிரி இருக்கும்."

நான் அவன் சட்டையைக் கழற்றிப் பிழிந்தேன்.

"நீ பூட்டுற சத்தம் கேட்டாலே எனக்குப் பயம் பிடிச்சுக்கும்" என்றான். "தீப்பிடிச்சா என்ன பண்றது, நெஞ்சு வலிச்சா என்ன பண்றதுன்னு நீ வர்ற வரைக்கும் இதே நினைப்புதான். போன் வந்தா நல்லாருக்கும். அவங்க திட்டுனாக்கூட நல்லாருக்கும்."

"தினமுமா?"

"தினமும்."

"ஒருநாள்கூடச் சொல்லலையேண்ணா. போகும்போதெல்லாம் நான் கேட்டுட்டுத்தானே போவேன்?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான். கோபம் இல்லை அந்த முகத்தில், இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கேப்ப. கேக்கும்போது செருப்பு போட்டிருப்ப, கையில பூட்டு இருக்கும். அப்போ நான் வேற என்ன பாப்பா சொல்றது?"

டெய்லர் அக்கா ஒரு துண்டை எடுத்து வந்து, நனைந்ததே தெரியாத அவன் கால்களைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். தீயணைப்பு வண்டியைக் காணோம். தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.